இழுத்தது சரி, நிறுத்தியது யார்?

போன வருடம் ஒரு சிறுகதைப் போட்டிக்குச் செவ்வாய்க் குடியேற்றத்தை வைத்து ஒரு கதை எழுதினேன். பரிசு வரவில்லை, அதில் வருத்தமும் இல்லை. ஆனால் இரவெல்லாம் உட்கார்ந்து நான் செதுக்கிய இடங்களை, செவ்வாயின் நீல அந்தியை, பூமியிலிருந்து வரும் குரல் பல நிமிடம் பிந்திக் காதில் விழுவதை, யாருமே கண்டுகொள்ளவில்லை. எழுதும்போது அரை நிமிடம்கூட யோசிக்காத ஒரு வரியை மட்டும் ஒருவர் பிடித்துக்கொண்டார். இன்றுவரை விடவில்லை.

வரி இதுதான்: "பூமியில் இருபது டன் இருந்த குடில் இங்கே ஏழரை டன்தான். இரண்டு ரோவர்கள் சேர்ந்து அதை அநாயாசமாக இழுத்துவந்து மற்ற ஆறு குடில்களின் பக்கத்தில் நிறுத்தின."

பிடித்துக்கொண்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. திருவெறும்பூர்ப் பக்கம் முப்பது வருடம் ஹைட்ராலிக் ஆக்சில் ட்ரெய்லரில் இருந்தவர். முதலில் கட்டை தூக்கும் பையன், அப்புறம் ஜாக்கி ஆள், கடைசிப் பதினைந்து வருடம் அந்த ட்ரெய்லரை இழுக்கும் புல்லர் வண்டிக்கு டிரைவர். பாய்லர் டிரம், டிரான்ஸ்ஃபார்மர் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் எறும்பாக ஊரும் நூறு சக்கர வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நாம் திட்டியிருப்போமே, அந்த வண்டிதான் அவர் உலகம். தினத்தந்தி தவிர வேறு எதுவும் படிக்க மாட்டார். கதையை அவர் மகள் போனில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலை ஏழு மணிக்கே அழைத்துவிட்டார்.

"மாப்ள, கதை கேட்டேன். இழுத்தது சரி. நிறுத்துனது யாரு?"

"பிரேக் போட்டா நிக்கப்போகுது மாமா."

"பிரேக்கு சக்கரத்தப் புடிக்கும். சக்கரம் எதப் புடிக்கும்?"

"தரையை."

"தரைய அழுத்திப் புடிக்க வெயிட்டு வேணும்ல? காலி லாரிக்கு பிரேக் போட்டுப் பாத்துருக்கியா? வழுக்கிட்டுப் போவும். நீ வெயிட்ட ஏழரை டன்னா கொறச்சுட்ட. உள்ள இருக்குற சாமான் கொறஞ்சுதா?"

அதோடு வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான். நிலவுக்குப் போனால் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது என்று அடிக்கோடெல்லாம் போட்டு எழுதியிருக்கிறேன். கதை எழுத உட்கார்ந்தபோது அந்த விடையின் முதல் பாதி மட்டும் ஞாபகம் வந்திருக்கிறது. குடியேற்றக் கதைகளை அதற்குப் பிறகு இந்தக் கண்ணோடு புரட்டிப் பார்த்தேன். ஓர் அத்தியாயத்தில் இறங்குகிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் ஊர் தயாராக இருக்கிறது. நடுவில் அந்தப் பெட்டிகளை நகர்த்தியவர்கள் யார், எத்தனை நாள் ஆயிற்று, யாருக்காவது விரல் போயிற்றா என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. மாமாவுக்கு இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. ஜாக்கிக்கும் பேக்கிங் கட்டைக்கும் நடுவில் 1989இல் போனது.

ஊஞ்சலில் இரண்டு மூட்டை

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமா மறக்காமல் காத்திருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் தேக்குப் பலகை ஊஞ்சல் ஒன்று உண்டு, உத்தரத்திலிருந்து இரும்புச் சங்கிலியில் தொங்குவது. அறுவடை முடிந்த நேரம், சுவரோரம் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அறுபது கிலோ மூட்டை. அதில் இரண்டை ஊஞ்சலில் ஏற்றச் சொன்னார். நான் ஒரு முனையைப் பிடித்துத் தடுமாறியதைப் பார்த்துவிட்டு, களத்தில் வேலை செய்யும் ஆளைக் கூப்பிட்டார். அவர் ஒரே மூச்சில் இரண்டையும் தூக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப இதோட வெயிட்டு யாரு தலையில?"

"சங்கிலி தலையில."

"அப்ப உனக்கு வெயிட்டே இல்ல. உன் செவ்வா கெரகத்த விடவும் லேசு. ஒத்த விரலால தள்ளு."

தள்ளினேன். ஆச்சரியம்தான், அசைந்தது. திரும்பி வரும்போது மறுபடி ஒரு விரல், மறுபடி ஒரு விரல். பத்துப் பன்னிரண்டு தள்ளலில் பலகை நல்ல வீச்சில் ஆடத் தொடங்கியது. வேகம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை, குழந்தை நடக்கிற வேகம். மாமா என்னை எதிர்ப்பக்கம் தூணுக்கு முன்னால் நிற்கச் சொன்னார். "ஒரு கையால நிறுத்து."

உள்ளங்கையை விரித்து நீட்டினேன். பலகையின் விளிம்பு கையில் பட்டது ஞாபகம் இருக்கிறது. மணிக்கட்டு பின்னால் மடங்கியது, முழங்கை மடங்கியது, பலகை அதுபாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. தொடையில் இடித்து, இரண்டடி பின்னால் தள்ளி, தூணோடு சேர்த்து என்னை அழுத்திவிட்டுத்தான் நின்றது. சத்தமே இல்லை. அதுதான் எனக்கு இப்போதும் வியப்பு. அடி என்றால் 'டமால்' என்று ஏதாவது கேட்க வேண்டும் என்று நினைப்போம். இது மெதுவாக, மரியாதையாக, வழியில் நான் நிற்பதே தெரியாத மாதிரி வந்தது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை, "நல்ல நாளும் அதுவுமா பிள்ளைய நசுக்கிறாதீங்க" என்று மாமாவைத் திட்டினார். தொடையில் கன்றிப்போனது ஒரு வாரம் இருந்தது.

புத்தகத்தில் நிலைமம் என்று படித்தது எனக்கு அந்தத் தூணடியில்தான் புரிந்தது. தூக்குவதற்குத்தான் எடை பார்க்க வேண்டும். கிளப்புவதும் நிறுத்துவதும் திருப்புவதும் நிறையின் பாடு. அது எந்தக் கிரகத்துக்குப் போனாலும் ஒரு கிலோ குறையாது. இருபது டன் குடில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதற்குள் இருக்கும் ஆற்றல் திருவெறும்பூரிலும் செவ்வாயிலும் ஒன்றே. ஆனால் அதை நிறுத்த உதவும் உராய்வு, எடையோடு சேர்ந்து குறைந்துவிடுகிறது. செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் 0.38 பங்கு. அதே தரை, அதே சக்கரம், அதே வேகம் என்றால் நிற்பதற்கு 2.6 மடங்கு தூரம் வேண்டும். நிலவில் 6 மடங்கு. வளைவில் திரும்பும்போதும் இதே கதைதான். இங்கே கவிழாமல் திரும்பும் வண்டி அங்கே அதே வேகத்தில் கவிழலாம். சரிவில் சும்மா நிற்கும் வண்டிக்கு மட்டும் கணக்கு மாறாது, ஏனென்றால் கீழே இழுப்பதும் பிடித்து நிறுத்துவதும் ஒரே அளவில் குறைகின்றன. நகர ஆரம்பித்த பிறகுதான் வினை.

எடையே இல்லாத இடத்தில்கூட இது நடந்திருக்கிறது. 1997 ஜூன் 25 அன்று, ரஷ்யாவின் மிர் நிலையத்தோடு ப்ரோக்ரஸ் சரக்குக் கலம் ஒன்றைக் கையால் இயக்கி இணைத்துப் பார்க்க முயன்றார்கள். சுமார் 7 டன் கலம். சுற்றுப்பாதையில் அதற்கு எடை பூஜ்யம், ஊஞ்சல் மூட்டை போலத்தான். வேகம் அதிகம் என்று தெரிந்து, அதை இயக்கிய நிலையத் தலைவர் சிப்லியேவ் எதிர்விசை கொடுத்துக்கொண்டே இருந்தார். கலம் நிற்கவில்லை. ஸ்பெக்டர் என்ற பகுதியின் சூரியத் தகட்டிலும் சுவரிலும் இடித்தது. காற்று கசியத் தொடங்கியது. உள்ளே இருந்த மூன்று பேரும் கதவின் குறுக்கே ஓடிய கேபிள்களை வெட்டிப் பிரித்து அந்தப் பகுதியை அடைத்துத்தான் உயிர் பிழைத்தார்கள். அதை மாமாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பின்னால கயிறு கட்டலியா?"

ஏன் நகர்த்த வேண்டும்?

நகர்த்தும் வேலையே வராமல், குடில்களை நேராகப் பக்கத்தில் பக்கத்தில் இறக்கிவிட்டால் என்ன என்று நானும் யோசித்தேன். கதையைக் காப்பாற்ற ஆசைதான். அது நடக்காது என்பதற்கு 1969 நவம்பரிலேயே சாட்சி கிடைத்துவிட்டது. அப்பல்லோ 12, அதற்கு இரண்டரை வருடம் முன்பே நிலவில் இறங்கியிருந்த சர்வேயர் 3 என்ற ஆளில்லாக் கலத்திலிருந்து சுமார் 160 மீட்டர் தள்ளித்தான் இறங்கியது. அதில் போன வீரர்கள் கான்ராடும் பீனும் நடந்துபோய் அதன் பாகங்கள் சிலவற்றைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். ராக்கெட் புகை கிளப்பிய தூசி பட்டு, மணல் வீசித் தேய்த்தது மாதிரி அந்தப் பாகங்களின் மேற்பரப்பு உரிந்திருந்தது. 160 மீட்டரில் அந்த நிலைமை. இருபது டன்னை இறக்கும் ராக்கெட்டின் பக்கத்தில், மனிதர்கள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் குடிலை யார் வைப்பார்கள்? இறங்குதளம் ஊருக்கு வெளியே, மண்மேடு ஒன்றுக்கு அப்பால், கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருந்தாக வேண்டும்.

குறி பிசகுவது இன்னொன்று. 2021இல் பெர்சிவியரன்ஸ் ரோவருக்குக் குறித்த இறங்கு வட்டம் சுமார் 7.7க்கு 6.6 கிலோமீட்டர். செவ்வாய்க்கு அது அபாரமான துல்லியம். இதுவரை அங்கே பத்திரமாக இறங்கியவற்றில் மிகக் கனமானதும் அதுவே, 1 டன்னுக்குச் சற்று மேல். ஏழு குடில்கள் அந்த மாதிரி வட்டத்துக்குள் ஏழு இடத்தில் விழுந்தால், ஊர் என்பது அவற்றைத் தேடிப்போய் இழுத்துவந்து சேர்ப்பதில்தான் தொடங்கும்.

இழுப்பதற்கு முன்னால் கலத்திலிருந்து இறக்க வேண்டும். மாமாவின் இரண்டாவது கேள்வி அதுதான், "எறக்குனது யாரு?" என் கதையில் குடில் எப்படியோ தரையில் இருந்தது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் கலத்தின் நிலவு வடிவம் சுமார் 50 மீட்டர் உயரம், மேலிருந்து ஆட்கள் இறங்கவே லிஃப்ட் வைக்கிறார்கள். சரக்கை இறக்க நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகம் முன்பு அத்லீட் என்று ஒரு வண்டி செய்து அரிசோனா பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்தது. ஆறு கால், ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு சக்கரம். நல்ல தரையில் உருளும். மோசமான இடத்தில் சக்கரத்தைப் பூட்டிவிட்டுக் காலாக ஊன்றி நடக்கும். குடிலை முதுகில் சுமந்தபடியே இறங்குகலத்திலிருந்து கீழே இறங்குவது அதன் வேலை. வீடியோ காட்டினேன். மாமா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நண்டு மாதிரி இருக்கு. ரிப்பேர் ஆனா யாரு பாப்பா?" என்றார்.

கிரேன் என்றால் அவருக்குத் தெரியும். கொக்கியில் தொங்கும் சரக்கை ஏற்ற 'அபீஸ்', இறக்க 'ஆரியா' என்று கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது. செவ்வாயில் கத்த முடியாது, ஹெல்மெட்டுக்குள் ரேடியோவில்தான் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ஊஞ்சல். பத்து மீட்டர் கயிற்றில் தொங்கும் சரக்கு பூமியில் ஒரு முறை போய்த் திரும்ப 6.3 நொடி. செவ்வாயில் 10.3. நிலவில் பதினைந்தரை நொடிக்கும் மேல். அசைவு மெதுவாகத் தெரியும், வீச்சு அதிகமாக இருக்கும், காற்று பெயருக்குத்தான் என்பதால் ஆட்டம் அடங்கவும் நேரமாகும். மெதுவாக வருகிறதே என்று கை நீட்டுகிறவனுக்கு என் தொடைக்கு ஆனதுதான். விண்வெளி உடுப்போடு ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹேலி

ஆனால் குடியிருப்பு மாட்யூல்களை, மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்த ஒரு நிலையத்தை, அப்படியே பிரித்து இழுத்துப்போய் வேறு இடத்தில் பூட்டிய வேலை பூமியில் நடந்திருக்கிறது. அண்டார்க்டிகாவில் ப்ரண்ட் பனித்தட்டின் மேல் இருக்கும் பிரிட்டிஷ் ஆய்வு நிலையம் ஹேலி. 1985இல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட ஓசோன் ஓட்டை, அங்கே எடுத்த அளவீடுகளில்தான் முதலில் தெரிந்தது. 1956இல் தொடங்கியதிலிருந்து அந்த நிலையத்துக்கு ஒரே தலைவிதி: பெய்யும் பனி உருகாது, கட்டடம் வருடா வருடம் கீழே போகும், கடைசியில் நசுங்கும். இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரியும் இப்படிப் பனிக்குள் போனதுதான். அடுத்து மைத்ரியைப் பாறைமேல் கட்டினார்கள். 2012இல் திறந்த பாரதி நிலையத்தை 134 கப்பல் கண்டெய்னர்களை அடுக்கிச் செய்தார்கள்.

ஆறாவது ஹேலியைக் கட்டியவர்கள் வேறு வழி பிடித்தார்கள். எட்டு மாட்யூல்கள், ஏழு நீலம், நடுவில் பெரிதாக ஒரு சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் ஹைட்ராலிக் கால்கள், காலடியில் ராட்சதப் பனிச்சறுக்குப் பலகைகள். வருடா வருடம் ஒவ்வொரு காலாகத் தூக்கி, அடியில் பனியை நிரப்பி, நிலையம் தன்னைத்தானே உயர்த்திக்கொள்ளும். இடம் மாற வேண்டி வந்தால் கழற்றி இழுத்துப்போகலாம் என்பதும் வரைபடத்திலேயே இருந்தது. 2013இல் முழுமூச்சாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்பே, பல பத்தாண்டுகள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பிளவு பனித்தட்டில் மறுபடி வளரத் தொடங்கியிருந்தது. நிலையம் கடல் பக்கம் மாட்டிக்கொள்ளும் நிலை. 2016-17 கோடையில் எட்டையும் பிரித்து, டிராக்டர்களாலும் புல்டோசர்களாலும் ஒவ்வொன்றாக இழுத்து, 23 கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோய்ப் பூட்டினார்கள். 2023 ஜனவரியில் அந்தப் பிளவு முழுதாகக் கிழிந்து, சுமார் 1,550 சதுர கிலோமீட்டர் பனிப்பாறையாகக் கடலுக்குப் போனது. நிலையம் முன்பு நின்றிருந்த பக்கம் அதோடு போய்விட்டது.

இந்தப் படங்களை மாமாவின் டிவியில் போட்டுக் காட்டிய மத்தியானம்தான் என் கதை உண்மையில் மாறியது. அவர் மாட்யூலைப் பார்க்கவில்லை. அடியில் இருந்த பலகையைப் பார்த்தார். "சக்கரம் வைக்கல பாரு" என்றார். "சறுக்குக்கட்டை. இழுக்கிறத நிறுத்துனா அதுவே நின்னுரும். பிரேக்கே வேணாம்."

எனக்கு உறைத்தது அப்போதுதான். சக்கரம் இழுக்கச் சுலபம், நிறுத்தக் கஷ்டம். சறுக்குக்கட்டை நேர்மாறு. நான் கதையில் யோசிக்காமல் சக்கரம் போட்டிருந்தேன். சரி, சறுக்குக்கட்டை போட்டுவிடலாம் என்றால், இழுக்கிற ரோவர் குடிலைவிட லேசானது, தரையைப் பிடிக்க எடை போதாமல் சக்கரம் மண்ணில் சுழன்றுகொண்டே இருக்கும். மண் வெட்டுவதற்கே அங்கே இந்தத் தொல்லை உண்டு. நாசாவின் கென்னடி மையத்தில் ராஸர் என்று ஒரு தோண்டும் ரோபோ செய்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் இரண்டு உருளைகள் எதிரெதிர்த் திசையில் சுழன்று மண்ணை வாரும். ஒன்று தள்ளும் தள்ளலை மற்றது சரிக்கட்டிவிடுவதால், வண்டி தன் எடையை நம்பித் தரையில் காலூன்ற வேண்டியதில்லை. இழுப்பதற்கு மாமா சொன்ன வழி இன்னும் பழையது, வடத்தைச் சுற்றி இழுக்கும் விஞ்ச்: "வண்டிய வச்சு ஏன் இழுக்கிற? பாறையில முளை அடிச்சு விஞ்ச்ச வச்சு இழு. முன்னால ஒரு விஞ்ச், பின்னால ஒரு விஞ்ச். முன்னது சுத்தும்போது பின்னது விட்டுக்குடுத்துக்கிட்டே வரணும்." மலைப்பாதை இறக்கத்தில் அவர்கள் செய்வதும் அதேதான். ட்ரெய்லருக்குப் பின்னால் இன்னொரு புல்லரைக் கட்டுவார்கள், தள்ளுவதற்காக இல்லை, பிடித்துக்கொள்வதற்காக.

ரிக்‌ஷா

தரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடியாது. 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14இன் ஷெப்பர்டும் மிட்செலும் நிலவில் கைவண்டி இழுத்தார்கள். இரண்டு சக்கரம், நைட்ரஜன் அடைத்த ரப்பர் டயர், கருவிகளும் கற்களும் போட ஒரு தட்டு. அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயரே ரிக்‌ஷாதான். கூம்புப் பள்ளம் என்ற பள்ளத்தின் விளிம்பை எட்டிப் பார்க்கக் கிளம்பி, மேட்டில் புழுதியிலும் கற்களிலும் வண்டி திணற, இழுப்பதை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். நேரம் முடிந்து திரும்ப வேண்டியதாயிற்று. விளிம்பு சில பத்து மீட்டரில்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. செவ்வாயில் ஸ்பிரிட் ரோவர், மொத்தமே 180 கிலோ சொச்சம், 2009இல் மேலோடு உடைந்து மென்மணலில் சக்கரம் புதைந்து நின்றது. பூமியில் மணல்தொட்டியில் மாதிரி வண்டியை வைத்து மாதக்கணக்கில் பழகிப் பார்த்தும் வெளியே எடுக்க முடியவில்லை. 180 கிலோவுக்கே இந்தக் கதி.

அதனால் முதலில் சாலை. கென்னடி மையத்தில் ராக்கெட்டைச் சுமக்கும் கிராலர் மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம்தான் போகிறது. அது போகும் பாதையைக் கீழே அடுக்கடுக்காக இறுக்கி, மேலே ஆற்றுக் கூழாங்கல் பரப்பி வைத்திருக்கிறார்கள். அந்த வீடியோவை மட்டும் மாமா இரண்டு முறை போடச் சொன்னார்.

கடைசி ஒரு அங்குலம்

என் வரியில் "நிறுத்தின" என்ற சொல்லுக்குள் நான் ஒளித்துவைத்திருந்த இன்னொன்று இதுதான். குடிலை மற்றொரு குடிலின் பக்கத்தில் நிறுத்தினால் போதாது. கதவோடு கதவு சேர வேண்டும், காற்று கசியாமல். டிரான்ஸ்ஃபார்மரை முன்னூறு கிலோமீட்டர் கொண்டுவர எட்டு நாள் என்றால், மேடையில் அதன் இடத்தில் உட்கார வைக்க மூன்று நாள் ஆகும் என்பார் மாமா. ஜாக்கியில் தூக்கு, கட்டை வை, கால் சுற்று இறக்கு, ரசமட்டம் பார், எதிர்முனைக்கு ஓடு. கடைசி அங்குலத்தில் யாரும் பேச மாட்டார்களாம். ஃபோர்மேன் விசில் மட்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபது டன் குடில் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில், அதாவது தவழும் குழந்தையைவிட மெதுவாக, இன்னொரு குடிலின் கதவு வளையத்தில் இடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உலோகம் ஒரு மில்லிமீட்டர் நசுங்கி அதை நிறுத்தினால் அந்த வளையம் தாங்க வேண்டிய விசை பூமியின் 10 டன் எடைக்குச் சமம். ஈர்ப்பு இந்தக் கணக்குக்குள் எங்கேயும் வரவில்லை. செவ்வாய், நிலவு, நடு வானம், எங்கே போட்டாலும் அதே விடைதான். வளையம் வளைந்தால் கசியும். கசிந்தால் அந்தக் குடில் வெறும் கிடங்கு.

ஆக, கதையை மறுபடி எழுதினேன். பழைய இரண்டு வரி இப்போது ஒன்பது பக்கம். குடில் சறுக்குக்கட்டையில் வருகிறது. முன்னால் ஒரு வடம், பின்னால் ஒரு வடம். கடைசிப் பத்து மீட்டருக்கு மட்டும் அதை உருளைகளில் ஏற்றுகிறார்கள், இல்லாவிட்டால் மில்லிமீட்டர் கணக்கில் அசைக்க முடியாது. அங்கே மறுபடி மாமாவின் முதல் கேள்வியே வந்து நிற்கிறது. உருளையில் ஏறிய சாமானுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவன் கட்டையோடு நிற்க வேண்டும். திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முன்னூறு டன் என்பார்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர், பின்னால் தள்ள புல்டோசர், பெல் நிறுவனம் செய்துகொடுத்த ஹைட்ராலிக் பிரேக். அத்தனையும் இருந்தும், சக்கரத்தை ஒட்டியே நடந்து சரியான நேரத்தில் முட்டுக்கட்டையைக் கொடுத்து தேரைத் திருப்புகிறவர்கள் இல்லாமல் அது நான்கு வீதி சுற்றி நிலைக்கு வராது. 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று நாம் வசவாகச் சொல்வது அந்த ஆட்களுக்குச் செய்யும் அநியாயம் என்று மாமாவுக்கு நெடுநாள் கோபம் உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வருடம் அவர் தோளில் இருந்தது அந்தக் கட்டைதான்.

அந்த இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. செவ்வாயில் கட்டைக்கு எங்கே போவது? ரப்பர் அந்தக் குளிரில் விறைத்து உடைந்துபோகும். இரும்பு வழுக்கும். மரம் கொஞ்சம் நசுங்கிக் கொடுத்துப் பிடிக்கிறதே, அந்தக் குணம் வேறு எதற்கு இருக்கிறது? அங்கே மரம் முளைக்கப்போவதும் இல்லை. 2024இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு மாக்னோலியா மரப்பலகையில் ஒரு சிறிய செயற்கைக்கோளே செய்து அனுப்பியிருந்தது. அதற்கு முன் மரத்துண்டுகளை விண்வெளியில் பல மாதம் வெளியே வைத்துச் சோதித்தபோது அவை பெரிதாகக் கெடவில்லையாம். போன வாரம் இதை மாமாவிடம் போனில் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார், "என்ன மரம்ன?"

"மாக்னோலியா. ஜப்பான்ல இருக்கிற மரம்."

"அதெல்லாம் ஆவாது. புளி. நல்லா வயிரம் பாஞ்ச புளி. எத்தனை டப்பா உனக்கு, ஏழா? டப்பாவுக்கு நாலு, மேக்கொண்டு ஒரு நாலு. முப்பத்திரெண்டு கட்டை ஏத்தச் சொல்லு. இடமில்லம்பான். படுக்கைய ஒண்ணு கழட்டச் சொல்லு."